மலைத்தோளன் எத்தனை டன் தூக்குவான்

ஆஷ்டபியூலா, ஒஹாயோ
5 பிப்ரவரி 1978

அன்புத் தங்கச்சி ஐலிக்கு,

இங்க நானும் உன் அண்ணி வெர்னாவும் சுகம். அங்க நியூயார்க்குல நீ ஒழுங்கா சாப்பிடுறியா, இல்ல காப்பியிலயே காலம் தள்ளுறியான்னு எழுது. போன மாசம் அடிச்ச பனிப்புயல்ல நம்ம வாசக்கதவு மூணு நாள் திறக்கல. ஏரி உறைஞ்சு கெடக்கு. கப்பல் வர ஏப்ரல் ஆகும். அதுவரைக்கும் துறைமுகத்துல கிரேனுக்கும் வேலை இல்ல, கிரேன் ஓட்டுற எனக்கும் வேலை இல்ல. அதனால நீ எழுதுற காமிக்ஸை வரி விடாம படிச்சேன். படிச்சு வயிறு எரிஞ்சுதான் இத எழுதுறேன்.

அறுபதாவது இதழ்ல உன் மலைத்தோளன் என்ன பண்றான்? கவிழ்ந்து கெடக்குற ரயில் எஞ்சினை ஒத்தைக் கையால தூக்கித் தண்டவாளத்துல நிறுத்துறான். சரி, தூக்கட்டும், தூக்குறதுக்குத்தானே அவனுக்குச் சம்பளம். அறுபத்தொண்ணுல அந்தத் துருப்பல்லன், அதான் ஊர்ல இருக்குற இரும்பையெல்லாம் கடிச்சுத் தின்னுட்டுத் திரியற வில்லன், அவனைக் கப்பல் கயித்தால தூணோட கட்டிப் போடுறான். இவன் எட்டுப் பக்கம் முக்குறான், முனகுறான், அறுக்க முடியல. அந்தக் கயித்தை நான் தெனம் பாக்குறவன். பதினாறு டன் தாண்டினா அது தன்னால அறுந்துடும். எஞ்சின் நூத்திருபது டன். நீ பள்ளிக்கூடத்துல கணக்குல கோட்டை விட்டது எனக்குத் தெரியும், ஆனா இவ்வளவு மோசம்னு தெரியாது.

என் கிரேன்ல ஒரு தகடு அடிச்சிருக்கு. இத்தனை டன் தூக்கும், அதுக்கு மேல ஏத்தாதேன்னு. அத நம்பித்தான் கீழ ஆளுங்க நிக்கிறாங்க. உன் ஆள் நெத்தியிலயும் ஒரு தகடு அடி. எத்தனை டன்னு சொல்லித் தொலை. ஒரு இதழ்ல யானை, அடுத்த இதழ்ல பூனைன்னா எவன் நம்புவான்?

நம்ம ஃபின்லாந்து வழக்கப்படி சனிக்கிழமை தவறாம சவுனா போட்டுடுறோம். கல்லைப் பழுக்கக் காய்ச்சி, தண்ணி தெளிச்சு, அந்த ஆவியில வேர்த்து வடிய உக்காந்தாத்தான் குளிர் எலும்பை விட்டு இறங்குது. இந்த மாசம் என் கையில ரெண்டு காப்பிக் கோப்பை உடைஞ்சிடுச்சு. இனிமே உனக்குத் தகரக் குவளைதான்னு வெர்னா சொல்லிட்டா.

பதில் போடு. தகட்டோட போடு.

கோவமும் பாசமுமா,
உன் அண்ணன் ரெய்னோ


நியூயார்க்
14 பிப்ரவரி 1978

அன்புள்ள அண்ணா,

நான் நல்லா இருக்கேன், நல்லாவும் சாப்பிடுறேன். அண்ணி அனுப்பின ஏலக்காய் ரொட்டி ஆபீஸ்ல பத்து நிமிஷம்கூட தாங்கல. எங்க ஆசிரியர் சால் கடைசித் துண்டைக் கோட்டுப் பையில போட்டுக்கிட்டுப் போனதை என் கண்ணால பாத்தேன்.

உன் வழக்கைக் கேட்டாச்சு. இப்ப என் வாக்குமூலம். எனக்கு மாசம் இருபத்திரெண்டு பக்கம். மூணாவது பக்கத்துலயே அவன் கயித்தை அறுத்துட்டான்னா மிச்சப் பத்தொம்பது பக்கத்துல நான் என்ன சமையல் குறிப்பா எழுதுறது? அந்தந்தப் பக்கத்துக்கு எவ்வளவு பலம் வேணுமோ அவ்வளவு பலம். அதான் எங்க தொழில் ரகசியம், வெளிய சொல்லாதே.

அதோட, பலம்னா தகட்டுல அடிக்கிற சமாச்சாரம்னு நீ சொல்லலாமா? உனக்குப் பதினேழு வயசு, எனக்குப் பத்து. அப்பாவோட லாரி முட்டுக் கழண்டு என் கால் மேல உக்காந்துச்சு. நீ ஓடி வந்து முன்பக்கத்தைத் தூக்கினே, நான் ஊர்ந்து வெளிய வந்தேன். மறுநாள் துறைமுகத்துப் பசங்க எல்லாரையும் கூட்டி வெச்சு, பாருங்கடான்னு அதே லாரியைப் பிடிச்சே. ஒரு அங்குலம் அசையல. மூஞ்சி பீட்ரூட் மாதிரி செவந்ததுதான் மிச்சம். அப்ப சொல்லு, ரெய்னோ ஹார்யு எத்தனை டன்? மலைத்தோளனை நான் வேற எங்க இருந்து எடுத்தேன்னு நினைக்கிற?

கோவம் தீரலன்னா எங்க வழக்கப்படி நடந்துக்கோ. எங்க வாசகர் கடிதப் பக்கத்துக்கு ஒரு சட்டம் உண்டு. ஓட்டையைக் காட்டுறவனுக்கு ஒண்ணும் கிடையாது. அந்த ஓட்டை ஓட்டையே இல்லன்னு காரணம் கண்டுபிடிச்சு அடைச்சுக் காட்டுறவனுக்கு, சட்டையில தைச்சுக்க வட்டமா ஒரு ஒட்டுத்துணி அனுப்புவோம். வருஷத்துக்கு நாலு பேருக்குக்கூட போகாது. அடைச்சுக் காட்டு பாப்போம்.

அண்ணிக்கு முத்தம். கோப்பையைக் கெட்டியாப் பிடி.

உன் தங்கை ஐலி


ஆஷ்டபியூலா
2 ஏப்ரல் 1978

அன்பு ஐலி,

சுகம், சுகமறிய ஆவல். வெர்னாவோட டைப்ரைட்டர் சும்மா தூசி படிஞ்சு கெடந்துச்சு, அதான் இதுல தட்டுறேன். எழுத்து அழகா வருது இல்ல?

பனி உடைஞ்சிடுச்சு. போன வாரம் முதல் கப்பல் வந்துச்சு. நானும் கிரேன்ல ஏறிட்டேன்.

உன் சட்டத்தை ஏத்துக்கிட்டேன். பரண்ல இருந்து அறுபத்துமூணு இதழையும் இறக்கி, சமையல்கட்டு மேசையில பரப்பி வெச்சிருக்கேன். சாப்பிட இடமில்லன்னு வெர்னா முணுமுணுக்கிறா. ஒவ்வொரு சண்டையா எழுதி வெச்சுக்கிட்டே வரேன்: எங்க நடந்துச்சு, என்ன தூக்கினான், எதைத் தூக்க முடியல. நீ கிறுக்குத்தனமாத்தான் எழுதியிருக்க. ஆனா கிறுக்குத்தனத்துக்குள்ளயும் ஏதோ ஒரு ஒழுங்கு தெரியற மாதிரி இருக்கு. பொறு.

ஒண்ணு கேக்கணும். கயித்துல கட்டிப் போட்டப்ப, இத அறுக்க முடியாதுன்னு அவனுக்கு முன்னாடியே தெரியுமா? இல்ல, எப்பவும் போல இழுத்துப் பாத்துட்டு, வரலன்ன பிறகுதான் தெரிஞ்சுச்சா? அதை நீ எழுதவே இல்ல. அவன் மூஞ்சியைக்கூட அந்தக் கட்டத்துல ஓவியர் காட்டல.

சவுனாவுல புகைக்குழாய் ஓட்டை. ரெண்டு மூணு வாரமா போடல.

உடம்பைப் பாத்துக்கோ.

அண்ணன்


நியூயார்க்
10 ஏப்ரல் 1978

அன்புள்ள அண்ணா,

உன் டைப்ரைட்டர் கடிதம் வந்துச்சு. எங்க வக்கீல்தான் ஏதோ அனுப்பிட்டார்னு பயந்து பிரிச்சேன். உன் கோழிக்கிறுக்கல் இல்லாம ஏதோ அந்நியன் எழுதின மாதிரி இருக்கு. அடுத்ததாவது பேனாவுல எழுது.

அவனுக்கு முன்னாடியே தெரியுமான்னு கேட்டிருக்கே. சத்தியமா எனக்குத் தெரியாது, நான் அவன்கிட்ட கேக்கல. வேற எந்த வாசகரும் இப்படிக் கேட்டதும் இல்ல. அவங்க எல்லாரும் எத்தனை டன்னுதான் கேக்குறாங்க. மூட்டை மூட்டையா வருது கடிதம், எல்லாம் "மதிப்பிற்குரிய ஹார்ட் ஐயா"வுக்கு. ஏ. ஹார்ட்ங்கற பேருக்குப் பின்னாடி ஒரு பொம்பளை இருக்கான்னு இன்னும் எவனும் கண்டுபிடிக்கல.

சால் பொறுமை இழந்துட்டார். எழுபத்திரெண்டாவது இதழ்ல அவன் பலம் எத்தனை டன்னு சொல்லப்போறோம்னு விளம்பரமே போட்டுட்டார். வருஷக் கடைசிக்குள்ள எனக்கு ஒரு எண் வேணும். உன் தகட்டுப் பேச்சு பலிச்சிடுச்சு, சந்தோஷமா?

குழாயைச் சரி பண்ணு. நீ சவுனா இல்லாம மூணு வாரம் இருந்தேன்னா பாதிரியாரே வந்து விசாரிப்பார்.

ஐலி


ஆஷ்டபியூலா
28 மே 1978

அன்பு ஐலி,

எல்லாரும் சுகம். இதோட இருக்கறது உனக்கு இல்ல, ஹார்ட் ஐயாவுக்கு. மரியாதையா படிக்கச் சொல்லு. சவுனாவுக்கு விறகு ஈரமா இருக்கு, இன்னும் போடல. வேலை போயிட்டு இருக்கு.

அண்ணன்

மதிப்பிற்குரிய ஹார்ட் ஐயா,

மலைத்தோளனின் பலம் இதழுக்கு இதழ் மாறுவது பிழை என்று பல வாசகர்கள் எழுதுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எல்லா இதழையும் வரிசையாகப் பார்த்த பிறகு அது பிழையில்லை என்று தெரிகிறது. அவன் தோற்ற இடங்களைப் பாருங்கள். இதழ் 39: ஆகஸ்ட் மாத மொட்டை மாடி. 48: துணி வெளுக்கும் ஆவிக்கூடம். 55: கண்ணாடித் தொழிற்சாலை. 61: கப்பலின் கொதிகலன் அறை, அந்தத் தூணுக்குப் பின்னால் அடுப்பு எரிவது படத்திலேயே தெரிகிறது. அவன் ஜெயித்ததெல்லாம் மழையில், ஏரியில், பனியில். எஞ்சினைத் தூக்கியது ஜனவரி மாதம்.

ஆக, அவன் எதிரி சூடு. சூடு ஏறினால் அவன் பலம் போய்விடுவதில்லை. உள்ளே அப்படியே இருக்கிறது. மூளை கைக்கு அனுப்புகிற சேதிதான் பாதி வழியில் நின்றுவிடுகிறது. முதலில் இடது கால் தடுக்கும். பிறகு விரல்கள் பிறத்தியார் விரல் மாதிரி ஆகிவிடும். கண்ணில் ஓரமெல்லாம் கலங்கும். ஆற விட்டால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் திரும்பி வரும். வெளியே பார்க்கிறவர்களுக்கு அவன் நடிக்கிறான் என்று தோன்றும். அவனுக்கே சில சமயம் அப்படித் தோன்றும். ஆகவே ஐயா, இது ஓட்டை இல்லை.

இப்படிக்கு,
ரெய்னோ ஹார்யு


நியூயார்க்
9 ஜூன் 1978

என் தங்க அண்ணா,

இதோட ஒட்டுத்துணி இருக்கு. பத்திரமா எடு.

உன் கடிதத்தை ஆபீஸ்ல சத்தம் போட்டுப் படிச்சேன். ஓவியர் எழுந்து போய்ப் பழைய இதழையெல்லாம் புரட்டிட்டு வந்து, "அந்த ஆள் சொல்றது அத்தனையும் சரி"ன்னார். நான் அதையெல்லாம் நினைச்சு எழுதவே இல்ல. கண்மூடித்தனமா எழுதினதுக்கு நீ ஒரு காரணம் கண்டுபிடிச்சுக் கொடுத்துட்டே. சால் சொன்னார், "ஹார்ட், உன் வேலையை அவனுக்குக் கொடுத்துடலாமா?" அவருக்கு அது என் அண்ணன்னு இன்னும் தெரியாது, நான் சொல்லவும் இல்ல. ஆகஸ்ட் இதழ்ல உன் பேரு, தெரு, ஊர் எல்லாம் போட்டு அப்படியே வருது. வாசகர்கள் ஒருத்தருக்கொருத்தர் எழுதிக்கணும்னு முழு விலாசம் போடுறதுதான் எங்க வழக்கம்.

அந்த இடது கால் தடுக்குறது, விரல் பிறத்தியார் விரலாகுறது, எங்கடா பிடிச்சே இதெல்லாம்? ச்சீ, அண்ணனை டா போட்டுட்டேன், சந்தோஷத்துல வந்துடுச்சு. நாலு நாள்ல புதுக்கதையே எழுதி முடிச்சுட்டேன். துருப்பல்லன் இந்த ரகசியத்தைக் கண்டுபிடிச்சு, மலைத்தோளனை இரும்பு உருக்குற உலைக்குள்ள இழுத்துட்டுப் போறான். அவன் தவழ்ந்து தவழ்ந்து விழறதைப் பாத்துச் சிரிக்கிறான். நான் எழுதினதுலயே நல்ல சண்டை அதுதான். அக்டோபர்ல வருது.

ஜூன் மாசத்துல விறகு ஈரமா? யாருக்குக் காது குத்துற? இந்த மாசக் கடைசியில ஏரிக்கரையில மூட்டுற நடு வேனில் நெருப்புக்கு நான் வரட்டுமா? ரெண்டு பேரும் சவுனாவுல மேல் படியில உக்காந்து, யார் முதல்ல எறங்குறாங்கன்னு பழையபடி பந்தயம் வைப்போம். எழுது.

ஐலி


நியூயார்க்
30 ஜூலை 1978

அண்ணா,

நலமா? ஏழு வாரமா உன்கிட்ட இருந்து ஒரு வரி இல்ல. நடு வேனிலுக்கு வான்னும் சொல்லல, வராதேன்னும் சொல்லல. நேத்து போன் பண்ணினேன். அண்ணி எடுத்து, அவர் தூங்குறார்னா. சாயங்காலம் ஆறு மணிக்கு நீ எந்தக் காலத்துல தூங்கியிருக்க?

ஒட்டுத்துணி பிடிக்கலயா? டா போட்டதுக்கா கோவம்? எதுன்னாலும் திட்டி எழுது. நீ திட்டாம இருக்கறதுதான் எனக்குப் பயமா இருக்கு.

ஐலி


நியூயார்க்
2 செப்டம்பர் 1978

அன்புள்ள அண்ணா,

இந்த வாரம் வந்த வாசகர் கடிதத்துல ஒண்ணை உனக்கு நகல் எடுத்து எழுதுறேன். டூஸான் ஊர்ல இருந்து ஒடெஸ்ஸா ட்ரிம்பிள்னு ஒரு அம்மா.

"ஹார்ட் ஐயா, என் கணவருக்காக வாங்கும் உங்கள் புத்தகத்தில் ஹார்யு என்பவர் எழுதியதைப் படித்தேன். நான் பத்தொன்பது வருடம் மருத்துவமனையில் செவிலியாக இருந்தவள். அவர் சொல்லும் இடது கால், விரல், கண் மூன்றும் என் வீட்டில் நடப்பது. என் கணவரின் நோயை டாக்டர் கண்டுபிடித்ததே வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்துத்தான். இதைக் கற்பனையில் யாரும் எழுத முடியாது. அவர் தனியாக இருக்கிறாரா, யாராவது கூட இருக்கிறார்களா என்று தயவுசெய்து விசாரியுங்கள்."

நான் இதை நாலு தடவை படிச்சேன். அப்புறம் உன் கடிதமெல்லாம் எடுத்து மேசையில பரப்பினேன், நீ இதழைப் பரப்பின மாதிரி. உடைஞ்ச கோப்பை. டைப்ரைட்டர். புகைக்குழாய். ஈர விறகு. அவனுக்கு முன்னாடியே தெரியுமான்னு நீ கேட்ட கேள்வி. எல்லாத்தையும் நீ எழுதித்தான் இருக்க, எனக்குத்தான் படிக்கத் தெரியல. ஊர்ல எவனோ ஒரு வாசகன் வைக்கிற காற்புள்ளியைக்கூட விடாதவ நான். உன் கடிதத்தை மட்டும் சிரிச்சுக்கிட்டே படிச்சுட்டு மடிச்சு வெச்சுட்டேன்.

அதோட நிக்கல. உன் வலியை எடுத்து வில்லன் கையில கொடுத்து, பாத்துச் சிரிக்கச் சொல்லி எழுதினேன். அது அச்சாகி முடிஞ்சது, சால் கால்ல விழுந்து கேட்டேன், நிறுத்த முடியாதாம். உன் பேரையும் தெருவையும் போட்டு ஊருக்கே சொன்னேன். துறைமுகத்துலயும் படிப்பாங்க. உன் கிரேன் வேலைக்கு ஏதாவது ஆச்சுன்னா அது என்னாலதான்.

நேரா கேக்குறேன் அண்ணா. உனக்கு என்ன உடம்பு? எத்தனை நாளா? எனக்கு ஏன் சொல்லல?

ஐலி


ஆஷ்டபியூலா
20 செப்டம்பர் 1978

அன்பு ஐலிக்கு,

வெர்னா சுகம். நான் சுகமில்ல. இந்த ஒரு வரி எழுத எனக்குப் பத்து மாசம் ஆச்சு, அதனால அவசரப்படுத்தாம படி.

போன நவம்பர்ல கிளீவ்லேண்ட் டாக்டர் சொன்னார். நரம்புக்கு மேல இருக்குற உறை அங்கங்க அரிச்சுப் போச்சாம், கரண்டுக் கம்பியில ரப்பர் உரிஞ்ச மாதிரி. மருந்து பெருசா இல்ல. நாளைக்கே படுத்துடவும் மாட்டேன், பழையபடி ஆகவும் மாட்டேன். ஒரு நாள் வரும், ஒரு நாள் போகும். மார்ச்ல சவுனாவுல மேல் படியில உக்காந்தவன் எழுந்திரிக்க முடியல. வெர்னா என்னை அக்குள்ல கை கொடுத்து இழுத்து வெளிய பனியில போட்டா. அஞ்சு நிமிஷத்துல எழுந்து நடந்தேன். நான் விளையாடுறேன்னு நினைச்சு அவ ஒரு அறை விட்டா, அப்புறம் உக்காந்து அழுதா. அன்னைக்குத்தான் சூடுன்னு எனக்குப் புரிஞ்சுச்சு. உன் இதழ்கள்ல அதைத் தேடினது உனக்காக இல்ல. எனக்கு வந்ததை இன்னொருத்தன்கிட்டயும் பாத்தா கொஞ்சம் தேவலைன்னு இருந்துச்சு. பச்சைக் கால்சட்டை போட்ட காமிக்ஸ் ஆளா இருந்தாலும் பரவாயில்ல.

கிரேனுக்கு உன்னால ஒண்ணும் ஆகல. ஜூன் நடுவுல வெயில் கொளுத்தின நாள், கூண்டுக்குள்ள அடுப்பு மாதிரி இருந்துச்சு. பதினோரு டன் வாளி அந்தரத்துல, கீழ கப்பலோட சரக்கு அறையில ரெண்டு பேர். நெம்புகோலை இழுக்கச் சொன்னேன், கை கேக்கல. அரை நிமிஷம் இருக்கும். அப்புறம் கேட்டுச்சு. வாளியை மெதுவா இறக்கினேன், ஏணி வழியா நானும் இறங்கினேன், மேற்பார்வையாளர் கையில சாவியைக் கொடுத்துட்டேன். யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா தகட்டுல போட்டிருக்கறதை நம்பித்தான் அந்த ரெண்டு பேரும் நின்னாங்க, என் தகடு பொய்யாயிடுச்சு. அதான் உனக்கு எழுத முடியல. ஒட்டுத்துணி அந்த வாரம்தான் வந்துச்சு. உறையைப் பிரிக்காமயே வெச்சிருந்தேன்.

இப்ப எடைச்சீட்டு அறையில உக்காந்திருக்கேன். மின்விசிறி இருக்கு. ஆகஸ்ட் இதழ் வந்ததும் சரக்கு அறையில நின்ன ரெண்டு பேர்ல ஒருத்தன், ஊர்ஹோ, புத்தகத்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வந்தான். "இது நீதானேடா"ன்னான். ஆமான்னேன். "எங்ககிட்ட சொல்றதுக்கு உனக்கு நியூயார்க் வரைக்கும் போகணுமா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டான். மறுநாள் காலையில என் மேசையில ஒரு வாளி ஐஸ்கட்டி இருந்துச்சு. தெனமும் இருக்கு. யார் வைக்கிறான்னு எவனும் சொல்ல மாட்டேங்குறான். ட்ரிம்பிள் அம்மா எனக்கும் நேரா எழுதினாங்க, மூணு பக்கம். அவங்க வீட்டுக்காரர் சட்டையை நனைச்சுப் போட்டுக்குவாராம். நானும் செஞ்சு பாக்குறேன்.

இப்ப உனக்கு ரெண்டு கட்டளை. எழுபத்திரெண்டுல அவனுக்குக் குணமாக்கிடாதே. எவனாவது விஞ்ஞானி ஊசி போட்டுச் சரியாயிட்டான்னு எழுதினேன்னா எல்லா இதழையும் சவுனா அடுப்புல போட்டுடுவேன். பரிதாபப்பட்டுச் சாகடிக்கவும் கூடாது. உலைச் சண்டை நல்லாத்தான் இருக்கும், வரட்டும், நான் படிப்பேன். என் மேல உனக்கு இருக்குற பாசம் எனக்குத் தெரியும், அதுக்காக நீ அழுதுக்கிட்டே எழுதினா கதை நாசமாப் போகும்.

ஏன் சொல்லலன்னு கேட்டே. உன் கால் மேல இருந்து லாரியைத் தூக்கினவனா நீ என்னை நினைச்சுக்கிட்டு இருக்க. அப்படி நினைக்க ஒருத்தியாவது இருக்கட்டும்னு இருந்தேன்.

அண்ணன் ரெய்னோ


நியூயார்க்
4 அக்டோபர் 1978

என் அண்ணாவுக்கு,

நீ சுகமில்லன்னு எழுதினியே, அதுவே எனக்குக் கொஞ்சம் சுகமா இருக்கு. பத்து மாசமா ஒரு பொய்யனோட கடிதம் எழுதிக்கிட்டு இருந்திருக்கேன்.

மறுநாள் அந்த லாரி அசையலயே, பசங்க எல்லாம் சிரிச்சாங்களே, அப்ப நான் காலுல கட்டோட ஜன்னல்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். நீ தோத்ததையும் பாத்துட்டுத்தான் உன்னை மலைத்தோளன்னு நினைச்சேன். எந்த நாளைப் பாத்து நினைச்சேன்னு நீயா முடிவு பண்ணாதே.

உன் கட்டளைப்படி குணமாக்கல, சாகடிக்கல. ஊசியும் இல்ல. எழுபத்திரெண்டை எழுதி முடிச்சுட்டேன். உலைக்குள்ள இருந்து ஊர்ந்து வெளிய வந்து, ஏரிக்கரையில நனைஞ்ச சட்டையோட உக்காந்திருக்கான். துறைமுகத்து மேற்பார்வையாளர் பக்கத்துல வந்து நிக்கிறார். அவருக்கு ஆள் வேணும், கப்பல் ஒண்ணு கரை தட்டியிருக்கு. விளம்பரம் போட்ட அந்தக் கேள்வியைக் கேக்குறார்: "உன்னால எத்தனை டன் தூக்க முடியும்?"

கடைசிக் கட்டம். அவன் மூஞ்சியைப் பெருசா வரையச் சொல்லியிருக்கேன், இந்தத் தடவை மறைக்க வேண்டாம்னு. வாய்க்குப் பக்கத்துல வசனம் எழுதுற பேச்சுக்கூடு காலியா இருக்கு. மூணு நாளா எண் எழுதுறேன், அழிக்கிறேன். அம்பதுன்னு போட்டா பொய், அஞ்சுன்னு போட்டாலும் பொய். இருபதாம் தேதி, படத்துல வசனத்தை எழுதுறவர்கிட்ட பக்கம் போயாகணும். சால்கிட்ட அது என் அண்ணன்தான்னு சொல்லிட்டேன். "அப்ப பதிலை அவரையே கேளு"ன்னார். நீதானே முதல்ல தகடு கேட்டே, நீயே சொல்லு.

நவம்பர்ல நன்றி சொல்லும் நாள் லீவுக்கு வரேன். வராதேன்னு எழுதினாலும் வருவேன். சவுனாவைக் கொஞ்சமா, வெதுவெதுன்னு மட்டும் போடச் சொல்லு. நாம கீழ்ப்படியில உக்காரலாம், கதவைத் திறந்து வெச்சுக்கலாம். ஊர்ல எந்த ஃபின்லாந்துக்காரனாவது பாத்தா சிரிப்பான். சிரிச்சுட்டுப் போறான்.

உன் தங்கை ஐலி


ஆஷ்டபியூலா
13 அக்டோபர் 1978

அன்பு ஐலி,

இன்னைக்குக் குளிர் நல்லா விழுந்திருக்கு. அதான் பேனா. கோழிக்கிறுக்கல் வேணும்னு கேட்டியே, இந்தா.

கீழ்ப்படியைத் துடைச்சு வெச்சாச்சு. ஒட்டுத்துணியை வெர்னா என் வேலைச் சட்டையில தைச்சுட்டா, கோணலாத்தான் தைச்சிருக்கா. இந்தக் கடிதத்தை ஆரம்பிச்சது ஒம்பதாம் தேதி. அன்னைக்கு ஒரு வரியோட கை நின்னுடுச்சு. வர்றப்ப உலைச் சண்டை இதழ் ரெண்டு பிரதி கொண்டு வா, ஊர்ஹோவுக்கு ஒண்ணு வேணுமாம்.

பேச்சுக்கூட்டுக்கு எண் வேண்டாம். எத்தனை டன்னு அந்த ஆள் கேக்குறார் இல்ல, இவன் அவரை நிமிர்ந்து பாத்து, வெக்கப்படாம ஒரு வார்த்தை திருப்பிக் கேக்கட்டும்:

"இன்னைக்கா?"

உன் அண்ணன்,
ரெய்னோ